ஏரிக்கரையில் கட்டிய தூளி

அறுபதுகளில் ஓர் ஐப்பசி மழைக்குக் கடத்தூர்ப் பக்கம் எங்கள் ஏரி உடைந்தது. பால் பிடித்து நின்ற ராகியெல்லாம் வெள்ளத்தோடு போனது. வேறு வழியில்லாமல் கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு, கரை போடும் கூலி வேலைக்குப் போனேன். பகலெல்லாம் கூழின் தெளிவை மட்டும் குடித்த மகள் நாளுக்கு நாள் வாடினாள். கண்பட்டுவிட்டது என்று மிளகாய் சுற்றிப் போட்டேன்.

வரிசையாக நின்று மண்கூடையைக் கைமாற்றுவோம். வத்தல்மலையிலிருந்து வந்து என் பக்கத்தில் நின்ற, முன்பின் தெரியாத அக்கா என் நனைந்த ரவிக்கையைப் பார்த்தார்.

“பாலு இங்க வீணாப் போவுது, புள்ள அங்க காயுதா? நாளைக்குத் தூக்கிட்டு வா.”

“மேஸ்திரி திட்டுவாருங்கக்கா.”

“கூடை நிக்காம போனாச் சரி. நாங்க பாத்துக்கறோம், வா.”

மறுநாள் குழந்தையைத் தூக்கிப்போய்க் கரையோரப் புளியமரத்தில் தூளி கட்டிப் போட்டேன். அது அழுததும் பால் கொடுக்க ஓடினேன். திரும்பிப் பார்த்தால், எனக்கு இருபுறமும் நின்ற பெண்கள் நெருங்கி வந்து கையை எட்டி நீட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு கூடைகூட நிற்கவில்லை. வேலை முடியும்வரை தினமும் அப்படித்தான். மகள் தேறிவிட்டாள்.

இப்போதும் பஸ் அந்தக் கரைமேல் போகும்போது மகளைத் தட்டி எழுப்பிச் சொல்வேன்:

“நீ பால் குடிச்சப்ப அவுங்க போட்ட மண்ணுடி இது.”