ஏழாவது ஆணி

1998 மார்ச் 12. விண்ணப்பப் படிவம்: 10
அதே நாள். படிவத்தை நிரப்பிக் கொடுத்தவருக்கு: 5
2003 ஜூன் 2. காத்திருப்போர் பட்டியலில் பெயரைப் புதுப்பிக்க: 25
2009 ஆகஸ்ட் 21. முன்பணம்: 6,000
2009 செப்டம்பர் 4. முதல் மாத வாடகை: 480
2012 செப்டம்பர். தண்ணீர், குறைந்தபட்சக் கட்டணம்: 30
2012 அக்டோபர் 9. ஆணி, ஏழு: 14

இது என் கணக்கு அல்ல. மூன்றாம் மாடியில் எனக்குப் பக்கத்து வீட்டில் இருக்கும் அம்மாவின் கணக்கு. ரசீதுகளை அவர் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தார். தேதிவாரியாக அடுக்கிக் கொடுத்தது மட்டும்தான் என் வேலை. பார்சல் அலுவலகத்தில் முப்பத்தாறு வருடம் பதிவேடு எழுதியவனிடம் வேறு என்ன உதவி கேட்பார்கள்?

அந்த அம்மாவுக்கு எங்கள் குடியிருப்பில் விருந்தாளி என்று பெயர். வைத்தவர் எதிர்வீட்டுத் தையல்காரம்மா. அந்தம்மா வாயில் விழுந்து பெயர் வாங்காதவர்கள் எங்கள் மாடியில் யாருமில்லை.

விருந்தாளிக்கு மருத்துவமனைச் சலவைப் பிரிவில் இஸ்திரி போடும் வேலை. படுக்கை விரிப்புகளை இரண்டு பேர் பிடித்து மடிப்பதுதான் அங்கே வழக்கம். இவர் ஒரு முனையைத் தாடைக்கு அடியில் இடுக்கிக்கொண்டு தனியாளாகவே மடித்துவிடுவார். கணவர் தொலைதூர லாரி ஓட்டுகிறார். மாதத்தில் நான்கு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள், அவள் வேறு ஊரில் இருக்கிறாள்.

இங்கே வருவதற்கு முன்னால் அவர்கள் ஆறு வாடகை அறைகளில் இருந்திருக்கிறார்கள். ஒவ்வொன்றையும் காலி செய்யும்போது வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து சுவரைத் தடவிப் பார்ப்பாராம். ஆணி அடித்த ஓட்டைக்கு இவ்வளவு, புகைக் கறைக்கு இவ்வளவு என்று பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கையில் கொடுப்பாராம். ஒருவர் தரையில் பாத்திரம் விழுந்த தழும்புக்குக்கூடப் பிடித்திருக்கிறார். முன்பணம் முழுதாக ஒரு தடவையும் திரும்பி வந்ததில்லை.

வருமானம் குறைந்தவர்களுக்கு மானிய வாடகையில் வீடு கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு விண்ணப்பம் போட்டவர், பதினொரு வருடம் காத்திருந்தார். இடையில் அறை மாறும்போதெல்லாம் ஒரே கவலை, ஒதுக்கீட்டுக் கடிதம் பழைய விலாசத்துக்குப் போய்விட்டால் என்ன செய்வது? அதனால் மாதம் ஒருமுறை பழைய வீட்டுக்காரர்களை எல்லாம் ஒரு சுற்று பார்த்துவிட்டு வருவார். முன்பணத்தில் பிடித்தவர்களிடமே போய், "எனக்கு ஏதாவது கடிதம் வந்துச்சாங்க?" என்று பல்லைக் காட்டி நிற்க வேண்டும். அதையும் செய்தார்.

சாவி வாங்கிய அன்று வரிசையில் அவர் எனக்கு முன்னால் நின்றார். சாவியோடு முப்பத்தெட்டு விதிகள் அச்சிட்ட ஒரு சிறு புத்தகமும் கொடுத்தார்கள். தையல்காரம்மா அதை நான்காக மடித்து ஆடுகிற மேசைக் காலுக்குக் கீழே வைத்தார். விருந்தாளி மட்டும் இரண்டு தடவை படித்து, கீழே கோடும் போட்டுவைத்தார். விதி பதினேழு: சுவரில் ஆணி அடிக்கக் கூடாது.

வீடு சின்னது. கூடம், ஒரு படுக்கையறை, சமையலறை, குளியலறை, இரண்டு விரிப்புகள் காயப்போடும் அளவுக்கு ஒரு பால்கனி. அதை அவர் காப்பாற்றியதுபோல எனக்குத் தெரிந்து யாரும் காப்பாற்றியதில்லை. அலமாரிக் கதவுகளில் கடைக்காரன் ஒட்டிய பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. சுவர்க் கடிகாரம் தரையில் சுவரோரம் சாய்ந்து நின்றது. அவர் வீட்டில் மணி பார்க்க வேண்டுமென்றால் குனிய வேண்டும். முகம் பார்க்கும் கண்ணாடியும் தரையில்தான். லாரிக்காரர் வீட்டுக்கு வரும் நாட்களில் சம்மணமிட்டு உட்கார்ந்து முகச்சவரம் செய்வார். சாப்பாடு மருத்துவமனை கேன்டீனில், குளியல் சலவைப் பிரிவின் வெந்நீரில், துணி துவைப்பதும் அங்கேயே. வீட்டில் காபி மட்டும், அதுவும் பால்கனியில் சின்ன அடுப்பை வைத்து. இரவில் செய்தித்தாள் படிக்க நடைபாதை விளக்கடிக்கு வந்துவிடுவார்.

"சொந்த வீட்டுல இப்படி ஓரமா உட்கார்ந்திருக்கீங்களே அக்கா, இலை போடுறதுக்குக் காத்திருக்கற விருந்தாளி மாதிரி," என்றார் தையல்காரம்மா ஒருநாள். பெயர் அன்றே ஒட்டிக்கொண்டது.

2012 செப்டம்பர் 17 அன்று அவர் கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. மூன்று வருடமாகத் தண்ணீரும் மின்சாரமும் குறைந்தபட்ச அளவைத் தாண்டவில்லை, ஆகவே வீட்டில் யாரும் குடியிருக்கவில்லை எனத் தெரிகிறது, ஒதுக்கீட்டை ஏன் ரத்து செய்யக் கூடாது என்று கேட்டிருந்தார்கள்.

மறுநாள் அவரோடு வீட்டுவசதி அலுவலகத்துக்கு நானும் போனேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த எழுத்தர் நோட்டீஸைப் பார்த்துவிட்டு, "குடியிருக்கறதுக்கு என்ன ஆதாரம் வச்சிருக்கீங்க?" என்றார்.

"நான்தாங்க ஆதாரம். இதோ நிக்கறேனே."

"இங்க நிக்கறீங்க. அங்க இருக்கறதுக்கு ஆதாரம் கேக்கறேன்."

அக்கம்பக்கத்தார் கையெழுத்துப் போட்ட ஒரு தாளை நான் நீட்டினேன். எழுத்தர் அதைத் தொடவில்லை. "வீட்டை உள்வாடகைக்கு விட்டவங்களும் இதே தாளைத்தான் கொண்டு வர்றாங்க பெரியவரே. ஆய்வாளர் அம்மா நேர்ல வருவாங்க. அவங்க எழுதறதுதான் செல்லும்."

26ஆம் தேதி ஆய்வாளர் வந்தார். ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர், முழங்கால் வலிக்காரர். லிஃப்ட் வேலை செய்யாததால் மூன்று மாடி ஏறி மூச்சு வாங்க நின்றார். கனமான கைப்பையை மாட்ட இடம் தேடினார். சுவரில் ஒன்றுமில்லை. கடைசிவரை தோளிலேயே வைத்திருந்தார்.

"எப்ப குடி வந்தீங்க?"

"மூணு வருஷம் ஆச்சுங்க."

"மூணு வருஷமா? அடுப்பு மேடையில ஒரு எண்ணெய்ப் பொட்டுகூட இல்லையே."

"விழ விடுவேனாங்க?"

"அலமாரியில உறையே பிரிக்கல."

"பிரிச்சா கீறல் விழுந்துடுமே."

"குளியலறைத் தரை காஞ்சு கிடக்கு."

"எப்பவுமே அப்படித்தாங்க இருக்கும்," என்றார் விருந்தாளி, பரிசு வாங்கப்போகிற முகத்தோடு.

வாசலில் நின்ற நான் போதும் என்று கண்ணைக் காட்டினேன். "என்னண்ணா, கண்ணுல தூசியா? தண்ணி தரட்டுமா?" என்றார் என்னிடம்.

ஆய்வாளர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார். "இந்தாம்மா, எனக்கு உங்க மேல கோபம் இல்ல. ஆனா வெளிய நாலாயிரம் பேர் வரிசையில நிக்கறாங்க. நீங்களும் நின்னவங்கதானே? நான் கண்ணால பார்த்ததைத்தான் எழுத முடியும். இங்க நான் பார்க்கறது காலி வீடு. அடுத்த மாசம் சொல்லாம வருவேன். அப்பவும் இப்படியே இருந்தா கையெழுத்து போட்டு அனுப்பிடுவேன்."

அப்போதுதான் விருந்தாளிக்கு விஷயம் உறைத்தது. ஆய்வாளர் படி இறங்கும் சத்தம் அடங்கும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பதினொரு வருடம் அலைந்து வாங்கிய வீடு, நன்றாக வைத்திருந்ததாலேயே கையை விட்டுப் போகப் பார்த்தது.

மாடிப்படித் திருப்பத்தில் கூடிப் பேசினோம். தையல்காரம்மா, "என் பசங்க ரெண்டு பேரையும் ஒரு வாரம் அனுப்பி வைக்கறேன் அக்கா. அப்புறம் அது வீடுன்னு யாராவது சொல்றாங்களான்னு பாருங்க," என்றார்.

கீழ்வீட்டுப் பெயின்டர், "கறைதானே வேணும்? பத்து வருஷத்துக் கறை மாதிரி அடிச்சுத் தர்றேன். நம்மகிட்ட இல்லாத கலரா?" என்றார்.

விருந்தாளி தலையை ஆட்டினார். "பொய்க்கறை வேண்டாம். நான் ஒண்ணும் பொய்யா இருக்கலையே."



லாரிக்காரர் அக்டோபர் 8ஆம் தேதி வந்தார். அதிகம் பேசாத மனிதர். நோட்டீஸைப் படித்தார், மனைவி சொன்னதைக் கேட்டார், மறுநாள் காலையில் கடைக்குப் போய் ஏழு ஆணி வாங்கி வந்து என் வீட்டில் சுத்தியல் கேட்டார். பின்னாலேயே விருந்தாளியும் வந்துவிட்டார்.

"கொடுக்காதீங்கண்ணா. விதி பதினேழு இருக்கு. காலி வீடுன்னு ஒரு தடவை துரத்துவாங்க, ஆணி அடிச்சேன்னு இன்னொரு தடவை துரத்துவாங்க."

"புத்தகத்தைக் கொண்டா," என்றார் லாரிக்காரர்.

கொண்டுவந்தார். லாரிக்காரர் விரலை வைத்து மெதுவாகப் படித்தார். ஆணி அடிக்கக் கூடாது. மீறினால் சேதத்துக்குரிய தொகை குடியிருப்பவரிடம் வசூலிக்கப்படும்.

"காசு வாங்குவோம்னுதான் போட்டிருக்கு. வெளியேத்துவோம்னு போடல. அண்ணா, நீங்க சொல்லுங்க."

நானும் படித்தேன். அப்படித்தான் இருந்தது.

"ஆறு வீட்டுலயும் காசு கொடுத்துட்டுத்தானே வந்தோம்," என்றார் விருந்தாளி, குரல் இறங்கி.

"அதெல்லாம் கிளம்பறப்ப கொடுத்தது. இது இருக்கறதுக்குக் கொடுக்கறது. மூணு வருஷமா தரையில உட்கார்ந்து சவரம் பண்றேன், முழங்கால் மடக்க முடியல. உனக்காக இல்லாட்டியும் எனக்காக ஒரு ஆணி அடிக்க விடு."

முதல் ஆணி கடிகாரத்துக்கு. சுத்தியல் விழுந்ததும் விருந்தாளி கண்ணை இறுக மூடிக்கொண்டார். கொஞ்சம் சுண்ணாம்பு உதிர்ந்தது.

"வலிக்குதா?" என்றார் லாரிக்காரர்.

"சுவரைக் கேளுங்க."

இரண்டாவது கண்ணாடிக்கு. அப்புறம் காலண்டர், மகளின் கல்யாணப் போட்டோ, சட்டை, துணிப்பை. ஒவ்வொன்றுக்கும் விருந்தாளியின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்துகொண்டு வந்தது. ஆறு முடிந்தபோது மாட்ட எதுவும் மிச்சமில்லை. லாரிக்காரர் ஏழாவதைப் பையில் போடப் போனார்.

"கொடுங்க இப்படி," என்று சுத்தியலை வாங்கி, கதவுக்குப் பக்கத்தில் விருந்தாளியே அடித்தார். கொஞ்சம் வளைந்துபோயிற்று.

"இதுல எதை மாட்டப் போற?"

"எதையும் இல்ல. சும்மா இருக்கட்டும். என் சுவருல என் ஆணி."

அன்று மாலை அலமாரி உறைகளைப் பிரித்தார். பிரித்த பிளாஸ்டிக்கைப் பழக்கதோஷத்தில் ஒரு முனையைத் தாடையில் இடுக்கி ஒழுங்காக மடித்துவைத்தார். அடுப்பு சமையலறைக்குள் போயிற்று. தாளிக்கும் வாசனை வந்தபோது தையல்காரம்மா வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்து, "யாரோ புதுசா குடி வந்திருக்காங்க போல," என்றார். மறுநாளிலிருந்து விருந்தாளி வீட்டிலேயே குளித்தார், நேரம் எடுத்துக்கொண்டு, பாட்டோடு. இரண்டு வீட்டுக்கும் ஒரே குழாய் என்பதால் என் குளியலறையில் தண்ணீர் நூலாக வந்தது. என் மனைவி புலம்பினாள். எழுத்தர் கேட்ட ஆதாரம் குழாய் வழியாக வந்துகொண்டிருந்தது.

ஆய்வாளர் 16ஆம் தேதி காலையில் சொல்லாமல் வந்தார். அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. பால்கனியில் ஈரத்துணி சொட்டியது. விடுமுறைக்கு வீட்டில் இருந்த தையல்காரம்மாவின் பையன்கள் கூடத்தில் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தார்கள். யாரும் அனுப்பவில்லை, வாசனைக்கு வந்தவர்கள்.

ஆய்வாளர் உள்ளே நுழைந்ததும் போகிற போக்கில் கைப்பையைக் கழற்றி ஏழாவது ஆணியில் மாட்டினார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார், குனியாமல். பிறகு சுவர்களைச் சுற்றிப் பார்த்தார்.

"விதி பதினேழு தெரியுமாம்மா?"

"தெரியுங்க."

"தெரிஞ்சேவா அடிச்சீங்க?"

"தெரிஞ்சேதாங்க."

ஆய்வாளர் விரலை நீட்டி எண்ணினார். ஆறு வந்தது. எழுதிவிட்டுக் கைப்பையை எடுத்தார், அதற்கடியில் இன்னொன்று இருந்தது. ஆறை அடித்துவிட்டு ஏழு என்று எழுதினார். சிரித்தாரா என்று தையல்காரம்மா பிறகு என்னிடம் கேட்டார். மூச்சு வாங்கியதும் சிரித்ததும் ஒன்றுபோலத்தான் இருந்தது. நிச்சயமாகத் தெரியாததை எழுதமாட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. அக்டோபர் முடிந்தது, நவம்பரும் போயிற்று. ஒதுக்கீடு ரத்தா இல்லையா என்று தெரியாமல், அந்த அம்மா வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் தபால் பெட்டியைத் திறந்து கையை விட்டுத் துழாவினார். தபால்காரர் அவரைக் கண்டாலே தூரத்திலிருந்தே கையை விரித்துக் காட்டத் தொடங்கினார். சமைப்பதையும் குளிப்பதையும் மட்டும் நிறுத்தவில்லை. "போனாலும் போகட்டும்ணா, ரெண்டு மாசம் குடியிருந்தேன்னு இருக்கும்," என்றார் ஒருநாள். சொல்லிவிட்டுக் கடிகாரத்தின் தூசியைத் துடைத்தார்.

கடிதம் வந்தபோது பிரிக்கத் தைரியமில்லாமல் என்னிடம் கொண்டுவந்தார். பராமரிப்புப் பிரிவிலிருந்து வந்திருந்தது. சுவரில் ஏழு ஆணிகள், ஒன்றுக்கு ஐம்பது வீதம் 350. மேற்படித் தொகை மாதம் பத்து வீதம் முப்பத்தைந்து மாதங்களுக்கு வாடகையோடு சேர்த்து வசூலிக்கப்படும். ஒதுக்கீடு பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"அபராதமா?" என்றார். முகம் விழுந்துவிட்டது. கணவருக்குப் போன் போட்டார். அவர் எங்கோ சாலையோரம் வண்டியை நிறுத்திப் பேசினார். சத்தம் எனக்கும் கேட்டது.

"மாசம் எவ்வளவு?"

"பத்து."

"எத்தனை மாசத்துக்கு?"

"முப்பத்தஞ்சு."

லாரிகள் போகிற இரைச்சலுக்கு நடுவே அவர் சிரிக்கும் சத்தம் வந்தது. "அடிப்பாவி, அப்ப முப்பத்தஞ்சு மாசத்துக்கு நம்மளை எங்கயும் அனுப்பறதா இல்லைன்னு அர்த்தம்."

மறுநாள் அலுவலகத்தில் போய்க் கேட்டேன். ஆய்வாளர் இரண்டாம் முறை வந்த அன்றைக்கே 'குடியிருக்கிறார்கள்' என்று எழுதிக் கோப்பை முடித்துவிட்டாராம். அதைத் தெரிவிக்கத் தனிக் கடிதம் அனுப்பும் வழக்கம் கிடையாதாம்.

விருந்தாளி மாடி முழுக்க இனிப்பு கொடுத்தார். "அபராதம் கட்டறதுக்கு இனிப்பு கொடுக்கற ஆளை இப்பதான் பார்க்கறேன்," என்றார் தையல்காரம்மா, இரண்டு எடுத்துக்கொண்டு. பெயரை மாற்றலாமா என்று யோசித்தோம். வாய்க்குப் பழகிவிட்டதால் விட்டுவிட்டோம்.

முப்பத்தைந்து தவணையும் கட்டி முடித்துப் பல வருடம் ஆகிவிட்டது. அடுப்பு மேடைக்கு மேலே சுவர் இப்போது நல்ல பழுப்பு. அபராதக் கடிதம் இன்னும் கதவுக்குப் பக்கத்தில் அந்த வளைந்த ஆணியில் தொங்குகிறது. தாளின் மேல் மூலையில், என் பழக்கம் தொற்றிக்கொண்டதோ என்னவோ, அவரே பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார்: வந்து சேர்ந்தது, 2012 டிசம்பர் 3.