இருபத்து நான்காம் எண் பல்

சின்னதுக்கு ஒரு பழக்கம். யாராவது சீண்டினால் உடனே பதில் சொல்ல மாட்டாள். உதடுகளை மூடிக்கொண்டு, நாக்கு நுனியை மேல்வரிசைக் கடைசிப் பல்லில் வைத்து, ஒவ்வொரு பல்லின் உட்புறத்தையும் தடவிக்கொண்டே வருவாள். மேடு, பள்ளம், இடுக்கு, மறுபடியும் மேடு. முன்பற்களின் வழவழப்பைத் தாண்டி மறுகோடியைத் தொட்ட பிறகுதான் வாய் திறக்கும். அதற்குள் எதிராளி பேச்சை மாற்றியிருப்பான். பல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த பிறகு அந்தப் பழக்கத்துக்கே ஒரு மரியாதை வந்தது. மெழுகுக் கட்டியில் பல் செதுக்கும் வகுப்பில் மற்றவர்கள் படத்தைப் பார்த்துச் செதுக்க, இவள் வாய்க்குள் தடவிப் பார்த்துச் செதுக்கினாள். செதுக்கியது பல்லாகவே இருந்தது.

சின்னது என்பது வீட்டில் வைத்த பெயர். அப்படியென்றால் பெரியவன் என்று ஒருவன் இருக்க வேண்டுமே, இருந்தான். பெரியப்பா மகன். சில மாதங்கள்தான் மூத்தவன். அந்தச் சில மாதங்களை முதலாகப் போட்டு ஆயுள் முழுக்க வட்டி வாங்குகிறவன். ஒரே வீடு, ஒரே பள்ளி, ஒரே கல்லூரி. வீட்டுக் கூடத்தில் ஒரு புகைப்படம் மாட்டியிருக்கிறது. அறிவியல் கண்காட்சியில் களிமண் இதயத்தைக் கையில் ஏந்திக்கொண்டு பெரியவன் பரிசு வாங்குகிறான். இதயத்தைச் செய்தவள் சின்னது. சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று படத்தின் ஓரத்தை வெட்டியதில் அவளுடைய முழங்கை மட்டும் மிஞ்சியது.

ஒரு பருவம் வெளிநாட்டில் படிக்க இரண்டு பேருக்குமே இடம் கிடைத்தபோது, சின்னதின் மனம் அந்த ஒரு பருவத்தோடு நிற்கவில்லை. வந்து படிக்கும் மாணவர்களில் ஒருவரை, படிப்பு முடிந்ததும் ஒரு வருடப் பயிற்சிக்கு அந்தக் கல்லூரி திரும்ப அழைக்கும். கடைசித் தேர்வில் முந்துகிறவருக்குத்தான் அது என்று பேசிக்கொண்டார்கள். அந்த இடம் அவளுக்கு வேண்டும். முழங்கை வரைக்கும் அல்ல, முழுசாக.

அங்கே போனதும், வகுப்பின் முதல் வாரப் பயிற்சிக்கு ஒரு கீழ்க் கடைவாய்ப் பல் செதுக்கினாள். மெழுகின் அடியில் பெயரைக் கீறிவிட்டு, கை கழுவப் போனாள். திரும்பி வந்தால் மேசை காலி. பேராசிரியை ஒரு பல்லை வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, "இதுதான் கை!" என்று வகுப்புக்கே காட்டிக்கொண்டிருந்தார். அடியில் புதிதாகச் சுரண்டி எழுதிய பெயர் பெரியவனுடையது. ஒன்றும் கொடுக்காத சின்னதுக்குப் பூஜ்யம்.

நடைபாதையில் வைத்து மறித்தாள்.

"அண்ணா, அது என்னோடது."

"எல்லாம் நம்ம வீட்டுப் பல்லுதானே. எனக்குக் கையில ஒட்டிக்கிட்டு உயிரை வாங்குது இந்த மெழுகு. நீ இன்னொண்ணு செதுக்க எவ்வளவு நேரம் ஆகப்போவுது?"

"எனக்கு முட்டை போட்டிருக்காங்க."

"நல்லதுதானே, உடம்பு தேறும்."

அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னாள். அம்மா குரலைத் தாழ்த்தினாள். "வாயத் திறக்காதடி. உங்க பெரியப்பா காதுக்குப் போச்சுன்னா வீடு ரெண்டாயிடும். உனக்குத் துணையா வந்த புள்ள அவன்."

"துணைக்கு வந்தவன்தான்மா திருடினான்."

"அண்ணன் எடுத்தா அதுக்குப் பேரு திருட்டா?"

சின்னது நாக்கைக் கடைசிப் பல்லில் வைத்தாள். மறுகோடியைத் தொடுவதற்குள் அம்மா பருப்பு கருகுகிறது என்று வைத்துவிட்டாள். அன்றைக்கு வாய்க்குள் நின்ற பதில் அப்படியே கெட்டிப்பட்டது.

அடுத்த வாரம் ஒரு வகுப்பு. அந்த ஊரில் பற்களுக்கு எண் போடும் முறையே வேறு. இவர்கள் ஊரில் வாயை நான்கு கால்பகுதிகளாகப் பிரிப்பார்கள். முதல் இலக்கம் எந்தப் பகுதி என்று சொல்லும், அடுத்த இலக்கம் நடுவிலிருந்து எத்தனையாவது பல் என்று சொல்லும். அங்கேயோ மேல் வலது கடைசிப் பல்லை ஒன்று என்று ஆரம்பித்து, தெருவில் வீட்டுக்கு எண் போடுவதுபோல மேல்வரிசை முழுக்கப் போய், கீழே இறங்கித் திரும்பி முப்பத்திரண்டில் முடிப்பார்கள். எண் ஒன்றுதான், பல் வேறு. பெரியவன் அன்றைக்குப் புதுக் காலணி வாங்கக் கடைவீதிக்குப் போயிருந்தான்.

"என்ன நடத்துனாங்க?" என்று சாயங்காலம் கேட்டான்.

சின்னது நிதானமாக ஒரு சுற்று தடவி முடித்தாள். "ஒண்ணுமில்லண்ணா. எல்லாம் நமக்குத் தெரிஞ்சதுதான்."

அன்றிலிருந்து அவளைப் போல ஒரு தங்கை உலகத்தில் கிடையாது. ஒவ்வொரு வாரமும் பலகையில் பல்லின் எண்ணை எழுதுவார்கள். அவன் தலையைத் தூக்கிப் பார்ப்பதற்குள் இவளே போய்ச் சொல்லிவிடுவாள்: "அண்ணா, இந்த வாரம் மேல் கோரைப்பல்." சோம்பேறிக்கு வேறென்ன வேண்டும்? ஆய்வுக்கூடச் சுவரில் எண் போட்ட படம் ஒன்று இருந்தது. காலையில் முதல் ஆளாகப் போய்த் தன் நீண்ட குளிர்மேலங்கியை அதன் மேலேயே மாட்டினாள். மேலங்கி தேவைப்படாத வெயில் நாளிலும் கையில் தூக்கிக்கொண்டு போனாள். தான் செதுக்கியதைச் சாப்பாட்டு அறைக்குக்கூடப் பையிலேயே எடுத்துப் போனாள்.

ஒரே ஒரு தடவை மாட்டிக்கொள்ளப் பார்த்தாள். யாரோ ஒருத்தியின் மெழுகுக்குப் பக்கத்தில் முப்பது என்று எழுதிய சீட்டைப் பார்த்துவிட்டான்.

"முப்பதுன்னு ஒரு பல்லு இருக்கா என்ன?"

"அது மேசை நம்பர்ணா."

"அதானே. நம்ம படிச்சதுல இல்லாத பல்லு இவங்க வாயில மட்டும் முளைச்சிருக்கான்னு பாத்தேன்." அவனே சொல்லி அவனே சிரித்தான். அவளும் சிரித்தாள், கொஞ்சம் அதிகமாகவே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் பேசும்போது பெரியவன் சொன்னான்: "அப்பா, சின்னது மட்டும் இல்லன்னா நான் இங்க திண்டாடிப் போயிருப்பேன்." சின்னதுக்கு நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. சுட்ட கத்தி பட்ட மெழுகு மாதிரி ஒரு கணம். சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அந்தப் பக்கத்திலிருந்து பெரியப்பாவின் குரல் வந்தது: "பின்ன? அண்ணனுக்குச் செய்யாம வேற யாருக்குச் செய்யப்போறா?" மெழுகு ஆறிவிட்டது.

தேர்வன்று ஒரு கண்ணாடிக் குடுவையிலிருந்து ஆளுக்கொரு சீட்டு எடுத்தார்கள். எதிர் மேசையில் உட்கார்ந்திருந்த பெரியவன் சீட்டைப் பிரித்துப் பார்த்து, அவளை நோக்கிக் கண்ணடித்தான். முதலில் இரண்டு விரல் காட்டினான், பிறகு நான்கு. இருபத்து நான்கு. இவர்கள் ஊர்க் கணக்கில் மேல் இடது முன்கடைவாய்ப் பல், இரண்டு குமிழ் உள்ளது. அந்த ஊர்க் கணக்கில் கீழ்வரிசை நடு முன்பல், உளி மாதிரித் தட்டையானது. அவன் மெழுகில் முதல் குமிழ் எழும்பியது. இப்போதுகூட ஒரு இருமல் போதும், ஒரு தலையாட்டல் போதும். சின்னது குனிந்து தன் வேலையைப் பார்த்தாள். இரண்டாவது குமிழும் எழும்பியது. சொல்லக் கூடாதுதான், அவன் வாழ்நாளில் செதுக்கியதிலேயே அழகான பல் அது.

பேராசிரியை அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். சீட்டைப் பார்த்தார். மறுபடியும் பல்லை.

"என்ன பல் இது?"

அவன் நிமிர்ந்து சொன்னான்.

"நான் கேட்டது கீழ் முன்பல். இந்தப் பருவம் முழுக்க நீ இங்கேதானே இருந்தாய்?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பெரியவனின் காது மடல்கள் சிவந்தன. சின்னதுக்கு அந்தச் சிவப்பைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்போல் இருந்தது. களிமண் இதயம் சிவப்புச் சாயம் காய்ந்து மினுங்கியபோதுகூட அவள் அவ்வளவு ஆசையாகப் பார்த்ததில்லை.

வெளியே வந்ததும் அவன் அவள் தோளைப் பிடித்து நிறுத்தினான். "நம்பர் வேறன்னு உனக்குத் தெரியுமா?"

இந்தத் தடவை நாக்கு எங்கேயும் போகவில்லை. "தெரியும்."

"முதல்லேருந்தா?"

"முதல்லேருந்து."

"அடிப்பாவி! அப்பா கேட்டா நான் என்னடி சொல்றது?"

"உங்களைக் கேக்க மாட்டாருண்ணா. என்னைத்தான் கேப்பாரு."

அப்படியேதான் நடந்தது. அந்தத் தேர்வில் போட்ட பூஜ்யத்தை ஊர்க் கல்லூரி கணக்கில் எடுத்துக்கொண்டதில் பெரியவனுக்கு ஒரு வருடம் போயிற்று. பெரியப்பா முற்றத்தில் நின்று கத்தினார். கூடத்துக்குக் குறுக்கே ஒரு தடுப்பு எழுந்தது, சமையல் இரண்டாயிற்று. "உன்னாலதான்டி" என்று அம்மா அழுதாள். சின்னது படிப்பை முடித்துப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். பயிற்சி இடம் அவளுக்குத்தான் வந்திருந்தது. திரும்பப் போகும் விமானத்தில் ஒரு குழந்தையைப்போலத் தூங்கினாள்.

மாதங்கள் கழித்து, ஆய்வுக்கூடத்தில் கத்திகளைத் துடைத்து அடுக்கும்போது, அந்தத் தேர்வில் தனக்கு எவ்வளவு வந்தது என்று பேராசிரியையிடம் விளையாட்டாகக் கேட்டாள். அவருக்கு நினைவில்லை. வாரப் பயிற்சிகளை வைத்துத்தான் ஆளைத் தேர்ந்தெடுப்பது, தேர்வுக்கு முந்தின வாரமே உன் பெயரை அனுப்பியாகிவிட்டது என்றார். வெளியூர் மாணவர்களின் தேர்வு மதிப்பெண்ணை இங்கே யாரும் பார்ப்பதில்லையாம். அவரவர் ஊர்க் கல்லூரி கேட்கிறது என்பதற்காகத்தான் அதை நடத்துகிறார்களாம்.