நான் கண்ணடிக்கலைங்க

தேயிலைத்தூள் வியாபாரத்தில் பாதியைத் தூள் பார்த்துக்கொள்ளும், மீதியை விற்கிறவர் முகம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். குன்னூரில் சுற்றுலா வண்டிகள் நிற்கிற ரோட்டோரக் கடையில் தேயிலையும் சாக்லேட்டும் தைலமும் விற்கிறவள் நான். நாளெல்லாம் கவுண்டருக்குப் பின்னால் நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் சிரித்துச் சிரித்துத் தாடை வலிக்க வீடு போகிறவர்களே, என் கஷ்டம் உங்களுக்குச் சட்டென்று புரியும். உங்கள் முகம் கடை மூடும் வரைக்குமாவது சொன்ன பேச்சைக் கேட்கும். என் முகம் நாற்பத்தைந்து வயதில் அதை நிறுத்திவிட்டது.

முதலில் கண் அதிகமாகச் சிமிட்டியது. தூசி என்று நினைத்தேன். பிறகு இமைகள் தாமாக இறுக்கி மூட ஆரம்பித்தன. அப்புறம் தாடையும் சேர்ந்துகொண்டது. அதன் பெயர் தெரிவதற்குள் நடந்தவைதான் இவை.

கலப்படம்

மதுரைப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தார் ஒருவர். மாதிரிக்குக் கொடுத்த டீயை ரசித்துக் குடித்துவிட்டு, "இது ஒரிஜினல்தானேம்மா? கலப்படம் ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார். "சுத்தமான தூளுங்க, எங்க ஓனரோட சொந்தத் தோட்டத்துது" என்றேன். உண்மையும் அதுதான். ஆனால் சொல்லி முடிக்கவும் என் கண் பட்பட்டென்று அடித்தது.

அவர் என்னை உற்றுப் பார்த்தார். ஓனர் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். எடுத்து வைத்திருந்த பாக்கெட்டுகளைச் சத்தமில்லாமல் பழைய இடத்திலேயே அடுக்கினார். மனைவி ஏதோ கேட்க வந்ததும் கையைக் காட்டி அடக்கினார். வெளியே போகும்முன் கவுண்டர் மேல் குனிந்து, மெதுவாகச் சொன்னார்: "நல்ல நேரத்துல ஜாடை காட்டினீங்கம்மா. உங்க வேலைக்கு ஆபத்து வரக்கூடாது, நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

எதிர்க்கடை

அந்த மாதிரி வெறுங்கையோடு திரும்பியவர்கள் அவர் ஒருவர் மட்டுமில்லை. ஒரு அம்மாள், தன் கணவரைப் பார்த்து நான் கண்ணடித்தேன் என்று கடை நடுவில் நின்று சத்தம் போட்டார். அந்த மனிதர் பாவம், சாக்லேட் டப்பாவைப் பிடித்தபடி சுவரைப் பார்த்து நின்றார். ஊரில் இது பரவ ஒரு வாரம்கூட ஆகவில்லை. நாத்தனார் வீட்டுக்கே வந்து, "அண்ணி, வெளிய பேசிக்கறாங்க" என்று ஆரம்பித்து, என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதைச் சொல்லாமலே போனாள்.

ஓனர் நல்ல மனிதர்தான். ஆனால் வியாபாரி. கேமராப் பதிவைப் போட்டு என் முகத்தையே உட்கார்ந்து பார்த்திருக்கிறார். எனக்கு அது மறுநாள்தான் தெரிந்தது. எதிர்வரிசையில் புதிதாக ஒரு கடை திறந்திருந்த சமயம் அது. என்னைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரச் சொன்னார். "நீங்க கொஞ்ச நாளைக்குப் பின்னாடி பாக்கிங்ல இருங்க" என்றவர், தயங்கித் தயங்கிக் கேட்டார்: "தப்பா நினைக்காதீங்க, எதிர்க்கடைக்காரன் உங்களுக்கு ஏதாவது சொல்லிக் கொடுத்தானுங்களா?"

சாக்லேட்

பாக்கிங் அறையில் யாரும் என் கண்ணைப் பார்க்கவில்லை. அங்கே தாடை பிரச்சினையானது. சும்மா இருக்கும்போதே அது மெல்லும், பக்கவாட்டில் இழுக்கும், சில நேரம் வாய் தானாகத் திறந்து நிற்கும். பக்கத்தில் சாந்தி சாக்லேட் வெட்டிக்கொண்டிருப்பாள். வயதில் சின்னவள், வேலையில் கெட்டி. அவள் கத்தி என் தாடையோடு சேர்ந்து நின்று நின்று போவதை நானும் கவனித்தேன்.

ஒருநாள் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. வாயத் தொறந்து காட்டுங்க." எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் திறந்து காட்டினேன், நாக்கைக்கூடத் தூக்கிக் காட்டினேன். உள்ளே ஒன்றும் இல்லை. டார்ச் அடிக்காத குறையாகப் பார்த்துவிட்டு சாந்தி கேட்டாள்: "அதுக்குள்ள முழுங்கிட்டீங்களாக்கா?"

ரோட்டைக் கடந்தது

இதற்குள் நானும் எல்லோரையும் சந்தேகப்பட ஆரம்பித்திருந்தேன். பஸ்ஸில் இரண்டு பேர் சிரித்தால் என்னைப் பார்த்துத்தான். வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தால் என்னைப் பற்றித்தான் பேசப்போகிறார்கள். முகத்தைச் சால்வையால் மூடி, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு போவேன். பனிமூட்டம் இறங்கிய நாளில் கண் ஓரளவு திறந்திருக்கும். வெயில் அடித்தால் போச்சு.

அன்று நல்ல வெயில். மார்க்கெட் பக்கம் பாதி ரோட்டைக் கடந்திருப்பேன், இரண்டு இமைகளும் ஆணி அடித்த மாதிரி மூடிக்கொண்டன. பார்வை போகவில்லை, திறக்கத்தான் முடியவில்லை. நடப்பதா நிற்பதா என்று தெரியாமல் காய்ப் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நடுரோட்டில் நின்றேன். ஜீப் ஒன்று கிறீச்சென்று நின்றது, என்ஜின் சூடு காலில் பட்டது. யாரோ கையைப் பிடித்து ஓரத்துக்கு இழுத்தார்கள். எனக்கு அழுகை வந்தது. மூடிய கண்ணிலிருந்தும் தண்ணீர் வரத்தான் செய்தது. தலைக்கு மேலே டிரைவரின் குரல் கேட்டது: "கண்ண மூடிட்டு ரோட்டக் கடக்கறீங்களே, ஏனுங்க, ஏதாவது வேண்டுதலுங்களா?"

வீட்டு விசாரணை

என் வீட்டுக்காரர் தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின் பார்க்கிறவர். எதையும் கவனித்துப் பார்த்தே பழக்கம். கண் டாக்டர் இரண்டு பேர் சொட்டு மருந்து கொடுத்தார்கள், கண்ணில் குறை இல்லை என்றார்கள். இன்னொருவர், "மனசுல ஏதாவது கவலையாம்மா?" என்றார். கவலை இருக்கத்தான் செய்தது. கண் மூடிக்கொள்கிறதே என்ற கவலை. நாத்தனார் யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்றாள்.

என் வீட்டுக்காரரோ என்னைக் கவனித்தார். தூங்கும்போது முகம் அமைதியாக இருக்கிறது. சமைத்துக்கொண்டே பாட்டு முணுமுணுத்தால் கண் அடிப்பதில்லை. இன்னொன்றும் கண்டுபிடித்துவிட்டார். நெற்றிப்பொட்டில் விரலை வைத்தால் என் இமைகள் திறந்துகொள்ளும். அழுத்தக்கூட வேண்டாம், தொட்டால் போதும். அதை நான் யாருக்கும் தெரியாமல் தலைமுடியை ஒதுக்குகிற மாதிரி செய்துவந்தேன். தெரிந்தால் நடிப்பு என்பார்களே என்ற பயம். பயந்தபடியே ஆனது. சோற்றுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, கோபமே இல்லாத குரலில் சொன்னார்: "வேலைக்குப் போகப் பிடிக்கலைன்னா சொல்லிரு, நான் ஒண்ணும் சொல்லப்போறதில்ல."

கோயம்புத்தூர்

அப்படிச் சொன்னவர்தான், ஜீப் விஷயம் காதுக்கு வந்ததும் லீவு போட்டுவிட்டு என்னைக் கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போனார். மலை இறங்கும்வரை என் கையை விடவில்லை. நரம்பு டாக்டர் ஒரு அம்மா. என்னைப் பேசச் சொன்னார், எழுதச் சொன்னார், ஜன்னல் வெளிச்சத்தைப் பார்க்கச் சொன்னார். முகம் தன் வேலையையெல்லாம் காட்டியது. பிறகு அவர் கேட்ட கேள்வியில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எந்த இடத்தைத் தொட்டா கண் திறக்குது?"

திருடியதைக் காட்டுவது போல நெற்றிப்பொட்டில் விரலை வைத்தேன். இமை திறந்தது. என் வீட்டுக்காரர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். டாக்டரம்மா அவருக்குத்தான் பொறுமையாக விளக்கினார். இதற்கு டிஸ்டோனியா என்று பெயராம். கோளாறு கண்ணிலோ தாடையிலோ இல்லை. தசைகளுக்கு எப்போது இறுக்கு, எப்போது விடு என்று சொல்கிற மூளையின் பகுதி தப்பான கட்டளை அனுப்புகிறது. களைப்பும் வெளிச்சமும் பதற்றமும் அதைக் கூட்டும், தூக்கம் அடக்கும். ஏதாவது ஓரிடத்தைத் தொட்டால் சற்று நேரம் விடுவது இந்த நோய்க்கே உள்ள அடையாளம். அடியோடு போக்க மருந்து இல்லை, இறுகிய தசையில் ஊசி போட்டுத் தளர்த்தலாம், சில மாதங்களில் அதன் வேகம் குறையும், திரும்பப் போட வேண்டும் என்றார். "அப்ப இவ நடிக்கலைங்களா?" என்று என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக் கேட்டார். டாக்டரம்மா சிரிக்கவில்லை: "நடிக்கிறவங்க இதை மறைக்க மாட்டாங்க, முதல்ல உங்களுக்குத்தான் காட்டியிருப்பாங்க."

ஊசி

அந்த ஊசி மருந்து ஒரு விஷத்திலிருந்து எடுப்பது என்று தெரிந்ததும் வீட்டில் மறுபடி விசாரணை. கொஞ்சூண்டுதான், அளவு பார்த்துத்தான் போடுவார்கள் என்று டாக்டர் சொன்னதை நாத்தனார் நம்பவேயில்லை. போட்டுக்கொண்டேன். சில நாள் கழித்து ஒரு காலையில் பால் காய்ச்சும்போதுதான் கவனித்தேன், ஜன்னல் வெயில் நேராக முகத்தில் விழுகிறது, கண் திறந்தே இருக்கிறது. அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றேன். அவரைக் கூப்பிடக்கூடத் தோன்றவில்லை.

ஓனரிடம் டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னோம். கேட்டுவிட்டு மறுநாளே கவுண்டரில் நிற்கச் சொன்னார். ஆனால் ஊசியால் ஒரு இமை கொஞ்ச காலம் பாதி சரிந்து கிடந்தது. முதல் நாளே வந்த பெங்களூர்த் தமிழர் ஒருவர் என்னைக் கூர்ந்து பார்த்துவிட்டு ஓனரிடம் சொன்னார்: "உங்க ஸ்டாஃப் தூங்கிட்டே தூள் கட்டுறாங்க, எடையைச் சரிபார்த்துக் குடுங்க."

சால்வைக்காரி

ஊசியின் வேகம் குறையத் தொடங்கிய ஒரு நாள். கடையில் நல்ல கூட்டம். சால்வையால் தலையை மூடிய ஒரு பெண் எதையும் வாங்காமல் அலமாரிகளுக்கு நடுவே சுற்றிக்கொண்டிருந்தாள். சாந்தி எனக்கு ஜாடை காட்டினாள். நானும் சந்தேகப்பட்டேன், அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாக்கெட் எதுவும் சால்வைக்குள் போகவில்லை. ஒரு கை மட்டும் எப்போதும் மோவாயில் இருந்தது. சால்வை முனையைப் பல்லில் கடித்திருந்தாள்.

கவுண்டரை விட்டு வெளியே வந்து பக்கத்தில் போனேன். கடித்த துணியை விட்டதும் அவள் வாய் கோணி இழுத்துக்கொண்டது, கண் இறுகி மூடியது. என்னைவிட மூத்தவள், கோத்தகிரிப் பக்கத்து எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவள். இலங்கையிலிருந்து வந்த குடும்பம். லயத்து வரிசை வீடுகளில் இவளுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட, பூசாரியிடம் அடி வாங்கியிருக்கிறாள். குன்னூர்க் கடையில் கண்ணடிக்கிற ஒரு பொம்பளை இருக்கிறாள் என்று யாரோ கேலியாகச் சொன்னது காதில் விழுந்து, பஸ் ஏறி வந்துவிட்டாள். ஸ்டூலில் உட்காரவைத்து, நோயின் பெயரைச் சொன்னேன். டாக்டர் எங்கே இருக்கிறார் என்றேன், அடுத்த முறை நான் போகும்போது கூடவே வரச் சொன்னேன். அவள் துணியை மறுபடி பல்லில் கடித்துக்கொண்டு, பேச வராத வாயால் நிதானமாகக் கேட்டாள்: "அப்ப எனக்குப் பைத்தியம் இல்லைதானே, தங்கச்சி?"

இப்போது மாதத்துக்கு ஒருவராவது ஒன்றும் வாங்காமல் கடையைச் சுற்றி வருகிறார்கள், அவர்கள் பொருளைத் திருட வந்தவர்களா முகத்தைக் காட்ட வந்தவர்களா என்பதுதான் எங்களுக்கு மிச்சமிருக்கிற ஒரே சந்தேகம்.