இடி விழுந்தாலும் திரும்பாத எத்திராஜ்

"இத மாட்டிக்கினேன்னு வெச்சுக்கோ, பின்னாடி இடி உழுந்தாலும் இந்த எத்திராஜ் திரும்ப மாட்டான்."

அண்ணனூர் ரயில் நிலையத்துக்கு வெளியே இருக்கும் டீக்கடையில், கழுத்தில் புத்தம்புது நெக்பேண்டுடன் எத்திராஜ் இப்படிப் பிரகடனம் செய்தார். கேட்டது வெல்டிங் கடை டில்லிபாபு ஒருவர்தான். அவருடைய கவனமும் அப்போது வடையில் இருந்தது. அதனால் என்ன, பிரகடனம் பிரகடனம்தானே.

அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் எத்திராஜ். அத்தனை வருட இரைச்சலைத் தாங்கிய காதுகளுக்கு, இனி தமக்குப் பிடித்ததை மட்டும் கேட்கும் உரிமை உண்டு என்பது அவருடைய கொள்கை. கொள்கைக்குத் தகுந்த கருவியை மகன் வாங்கி வந்து கொடுத்தான். கழுத்தைச் சுற்றி ஒரு கறுப்பு வளையம். அதன் இரண்டு முனைகளிலிருந்தும் குட்டி ஒயரில் ஒவ்வொரு குமிழ் கிளம்பிக் காதுக்குள் போகும். பொத்தானை அழுத்தினால் உள்ளேயிருந்து ஒரு பெண் 'கனெக்டட்' என்பாள். "ரைட்டும்மா" என்று எத்திராஜ் மரியாதையாகப் பதில் சொல்வார். அப்புறம் சட்டைப்பையில் இருக்கும் போனிலிருந்து பட்டிமன்றம் நேராகக் காதில் வந்து இறங்கும்.

ஆனால் இந்தக் கருவியின் மெய்யான பயன் வேறு என்பதை அவர் முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். எத்திராஜ் ஒரு வீட்டுக்காரர். மாடியில் பிரசன்னாவும் பவ்யாவும் குடியிருந்தார்கள். ஈரோட்டுப் பக்கத்துப் பிள்ளைகள், இருவருக்கும் ஐடி கம்பெனியில் வேலை. மோட்டார் போடவில்லை, குழாய் ஒழுகுகிறது என்று ஏதாவது ஒன்று இருந்துகொண்டே இருக்கும். முன்பெல்லாம் ஒவ்வொன்றுக்கும் புதிதாக ஒரு சாக்கு யோசிக்க வேண்டியிருந்தது. இப்போது அந்தக் கஷ்டம் இல்லை. ஒரு விரலால் காதைக் காட்டி, கண்ணை மூடித் தலையை ஆட்டினால் தீர்ந்தது. நாகரிகம் தெரிந்த பிள்ளைகள், "ஓ, போன் கால்ல இருக்கீங்களா, சாரி அங்கிள்" என்று போய்விடுவார்கள்.

மனைவி சுலோசனாவிடம் மட்டும் இந்த வித்தை பலிக்கவில்லை.

"ஏன்யா, மாட்டிக்கினா காது கேக்காதா ஒனக்கு? நேத்து உள்ள நின்னுகினு பஜ்ஜி போடலாமான்னு வாய்க்குள்ள சொன்னேன். மொத ஆளா வந்து தட்ட நீட்டுன?"

"அது வாசன."

"அடுப்பே பத்த வெக்கலியே, இன்னா வாசன?"

எத்திராஜ் காதைக் காட்டிக் கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த வீட்டில் புகார் சொல்லாத குடித்தனக்காரி ஒருத்தி உண்டு. பவ்யாவின் மகள் ரோஷினி, இரண்டரை வயது. எப்போதும் போனிலேயே இருப்பதாகத் தோற்றமளிக்கும் இந்த மனிதருக்கு 'அல்லோ தாத்தா' என்று பட்டம் கொடுத்தவள் அவள்தான். சாயங்காலம் அம்மாவின் இடுப்பிலிருந்து இறங்கி வருவாள். எத்திராஜின் மடியில் ஏறி, ஒரு குமிழைப் பிடுங்கித் தன் காதில் வைத்துக்கொள்வாள். இன்னொன்று அவர் காதில். நடுவர் தீர்ப்புச் சொல்லும்போது இரண்டு தலைகளும் ஒன்றாக ஆடும்.

அந்த வீட்டு மாடிப்படி வெளிப்புறமாக ஏறும். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் வெறும் காற்று. "கைப்பிடியா? அடுத்த தைல போட்டுடலாம்" என்று குடிவந்த அன்றே எத்திராஜ் வாக்குக் கொடுத்திருந்தார். எந்த வருடத்துத் தை என்று யாரும் கேட்டு வைத்துக்கொள்ளாதது அவர்களுடைய தவறு.

ஒருநாள் மாலை படிக்குக் கீழே நாற்காலி போட்டுப் பட்டிமன்றம் கேட்டுக்கொண்டிருந்தார். சூடான கட்டத்தில், உள்ளே இருந்த பெண் 'பேட்டரி லோ' என்று சொல்லிவிட்டு விடைபெற்றாள். எத்திராஜ் குமிழ்களைக் கழற்றவில்லை. பதவியில் இருப்பவர் அடையாளத்தைக் கழற்றலாமா? அப்போது பிரசன்னாவும், தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டபடி பவ்யாவும் இறங்கி வந்து ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றார்கள்.

"மெதுவா பேசு, அங்கிள் இருக்காரு" என்றான் பிரசன்னா.

"அவருக்கு எங்கீங்க கேக்கப்போகுது? இன்னைக்கும் பாப்பா கதவைத் தொறந்துட்டுப் படி ஓரத்துல போய் நிக்கறாளுங்க. அல்லோ தாத்தான்னு கூப்பிடறா. அவரு திரும்பல. கேக்கலையோன்னு இன்னும் குனியறா. ஓடிப் போய்ப் புடிச்சேன். எனக்கு உசுரே போயிருச்சு."

"கைப்பிடி ஒண்ணு போட்டுக் குடுத்தா..."

"எத்தனை தடவைங்க சொல்றது? காதைத்தான் காட்டறாரு. ஞாயித்துக்கிழமை போய் நசரத்பேட்டை ஃப்ளாட்டையே பேசி முடிச்சிரலாம்."

எத்திராஜ் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். நின்றுபோன பட்டிமன்றத்துக்கு எவ்வளவு நேரம் தலையாட்டுவது என்று தெரியவில்லை; நிறுத்தவும் வழி தெரியவில்லை. ரோஷினி கூப்பிட்டது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. மேலேயிருந்து குரல் வந்தபோது, பவ்யா குழந்தையை முன்னால் அனுப்பி மோட்டாருக்கு அடிபோடுகிறாள் என்று நினைத்து விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை டில்லிபாபுவின் கடை ஷட்டர் திறக்கும்போது வாசலில் எத்திராஜ் நின்றிருந்தார்.

"இன்னா அண்ணாத்தே, தை மாசம் இந்த வருசம் ஆவணிலயே வந்துச்சா?"

"வாய மூடிகினு பைப்ப வெட்டு. ஞாயித்துக்கெயமைக்குள்ள முடியணும். கீய இன்னொரு கம்பி ஓடணும், சின்னக் கைக்கு எட்றாப்ல. சந்துல தல நொயையக் கூடாது, சொல்லிட்டேன்."

"ஒன் தலயா?"

"என் தல நொயஞ்சா நொயையட்டும். வெட்டுய்யா."

சனிக்கிழமை மாலை கைப்பிடிக்குப் பச்சைப் பெயிண்ட்டும் அடித்தாயிற்று. பவ்யா படியில் நின்று மேல் கம்பியைப் பார்த்தாள், கீழ்க் கம்பியைப் பார்த்தாள்.

"அங்கிள், பாப்பாவுக்குன்னு தனியா கம்பியெல்லாம்... உங்களுக்கு எப்படித் தெரியும்?"

எத்திராஜ் ஒரு விரலால் காதைக் காட்டி, கண்ணை மூடித் தலையை ஆட்டினார்.

"அது ரெண்டு நாளா சார்ஜே போடாம ஆணில தொங்குது" என்று உள்ளேயிருந்து சுலோசனாவின் குரல் வந்தது. எத்திராஜ் கழுத்தைத் தடவிப் பார்த்தார். வளையம் இல்லை. ஆனாலும் கண்ணைத் திறக்கவில்லை. எடுத்த நிலைப்பாட்டிலிருந்து இறங்குகிறவர் அல்ல அவர்.

ஞாயிற்றுக்கிழமை நசரத்பேட்டைக்கு யாரும் போகவில்லை. சாயங்காலம் எத்திராஜ் முழு சார்ஜுடன் நாற்காலியில் அமர்ந்தார். 'கனெக்டட்.' "ரைட்டும்மா." பட்டிமன்றம் தொடங்கியது. ஒரு குமிழ் அவர் காதில் இருந்தது. இன்னொன்று, உரிய ஆளை எதிர்பார்த்து, மார்பில் தொங்கிக்கொண்டிருந்தது.

பின்னால் கீழ்க் கம்பியைப் பிடித்தபடி, வாயில் விரலுடன், யாரோ "அல்லோ தாத்தா" என்றார்கள். பக்கத்தில் இருந்தவர்களுக்கே சரியாகக் கேட்டிருக்காது.

எத்திராஜ் திரும்பினார்.