முள் சொன்ன எடை

மீன் அறுத்துக் கொடுக்கிற வேலையில் முள் குத்துவதைவிட வாடிக்கைக்காரர் சந்தேகம்தான் ஜாஸ்தி குத்தும். கடை வைத்திருக்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

வால் முள்

எழுபதுகளில் திருவண்ணாமலை மார்க்கெட்டில் இருந்தேன். பௌர்ணமிக்கு மறுநாள் கெண்டை வாங்கிப்போன வாத்தியார் ஒருவர், அடுத்த நாள் முள்ளைக் காகிதத்தில் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். பெரிய மீனில் சின்ன மீன் துண்டைக் கலந்துவிட்டேனாம். ஒரு கெண்டையைப் பிளந்து முதுகு முள்ளைக் காட்டினேன். தலைப்பக்கம் பட்டாணி அளவு இருக்கிற கணு, வாலுக்குப் போகப்போக மிளகாகிவிடும். அவர் கொண்டுவந்தது வால் கணு. பொட்டலத்தை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“இத எங்க வீட்டம்மாகிட்ட நீயே வந்து சொல்லும்மா!”

குவியல்

எண்பதுகளில் ஒருநாள், அடி அண்ணாமலைப் பக்கம் ஏரி குத்தகை எடுத்தவர் ஒரு பை முள்ளோடு வந்தார். பின்னால் அவருடைய காவல்காரர் கோவிந்தன், தலை குனிந்தபடி. வலையில் விழுந்த அஞ்சு கிலோ கட்லா காணோமாம். இந்த முள் கோவிந்தன் குடிசைக்குப் பின்னால் கிடந்ததாம். ஒரு கிலோவுக்குள் இருந்தால் காவல்காரர் எடுத்துக்கொள்ளலாம், அது ஏரி வழக்கம். பெரிய மீனில் கை வைத்தால் வேலையும் போச்சு, குடிசையும் போச்சு.

“சின்னதுதாங்க துன்னோம், புள்ளைங்க மேல சத்தியம்” என்று கோவிந்தன் அழுதார். முள்ளைக் கொடுங்கள், எடையைச் சொல்கிறேன் என்றேன். குத்தகைக்காரர் சிரித்தார்.

“நீ என்னா தராசா?”

மூன்று இடது

முள்ளைக் கழுவிப் பரப்பினேன். செவுள் மூடி எலும்பு ஒரு மீனுக்கு இடதில் ஒன்று, வலதில் ஒன்று. இதில் இடது மட்டும் மூன்று, அப்படியென்றால் மூன்று மீன்! குவியலைப் பார்த்து ஒரே மீன் என்று நினைத்துவிட்டார் மனுஷன். அன்றைக்கு வந்த அரைக்கிலோ கட்லா தலையை வெந்நீரில் போட்டு, மூடியை உரித்துப் பக்கத்தில் வைத்தேன். அச்சு அசல், ரெண்டு விரல் அகலம். என் கடையில் அஞ்சு கிலோ மீன் தலையும் ஒன்று இருந்தது. அதன் மூடி நாலு விரல். மார்க்கெட்டே விசிலடித்தது. குத்தகைக்காரர் எங்கேயோ பார்த்துக்கொண்டு கோவிந்தனிடம் சொன்னார்:

“போய்க் காவலப் பாருய்யா. இனிமே துன்ன முள்ளத் தூக்கிப் போடாத, பத்திரமா வெச்சிக்கோ!”

பள்ளிக்கூடம் போகாத நான் ஒரு மனுஷன் பிழைப்பைக் காப்பாற்றிக் கொடுத்தேன், ஆனால் அதிலிருந்து யார் வீட்டில் மீன் குழம்பு வைத்தாலும் என்னிடம் முள் மட்டும்தான் வருகிறது, குழம்பு வருவதில்லை.