பிரேக்கில் வைத்த கால்

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள்: நான், என் மனைவி, எங்கள் மகள், அவள் கட்டிக்கொள்ள விரும்பிய பையன், அந்தப் பையனுடைய தாயார். ஆக ஐந்து பேர். நாய்கள் பன்னிரண்டு. மனிதர்களை ஒரு தடவையும் நாய்களை மூன்று தடவையும் எண்ணினேன். மூன்று தடவையும் பன்னிரண்டுதான் வந்தது, அது எனக்கு ஆறுதலாக இல்லை.

இடம், நார்வே நாட்டின் வடக்குக் கோடி. நவம்பர் கடைசியில் கீழே போன சூரியன் ஜனவரி நடுவில்தான் மேலே வரும் என்றார்கள். நாங்கள் போனது இரண்டுக்கும் இடையில். எங்கள் மகள் அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். நான் சங்கரன்கோவிலில் நாலு விசைத்தறி வைத்து ஓட்டுகிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். படித்தவர்கள் எதற்கெல்லாம் பயப்பட வேண்டாம் என்று தெரிந்து வைத்திருக்கிறார்கள். எனக்கு அது தெரியாததால் எல்லாவற்றுக்கும் பயந்துவிடுவேன், மிச்சம் வைப்பதில்லை.

பையன் வீட்டில் நாய் வண்டி தொழில். சுற்றுலா வருகிறவர்களைப் பனியில் நாய் பூட்டிய வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்க் கொண்டுவந்து விடுவார்கள். மகள் போனில் இதைச் சொன்னபோது நான் முதலில் கேட்டது, "மாப்பிள்ளைக்கு என்ன தொழில்னு ஊர்ல கேட்டா நான் என்னன்னு சொல்ல?"

"டிராவல்ஸ்னு சொல்லுங்கப்பா" என்றாள்.

அவர்களும் எங்களைப் போல வேதக்காரர்கள்தான், கிறிஸ்தவர்கள், ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போகிறவர்கள். அதனால் அந்த ஒரு கவலை மட்டும் எனக்குக் கிடைக்கவில்லை. மற்றதெல்லாம் கிடைத்தது. இவ்வளவு தூரத்தில் கொடுத்தால் ஒரு ஆபத்துக்கு யார் ஓடி வருவது, பையன் பொறுப்பானவனா, கோபக்காரனா, நாய்களோடு பேசிப் பேசி மனிதர்களோடு பேசத் தெரியாமல் போயிருப்பானா. மகள் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்: "ஊருக்கு ஃபிளைட் ஏறுததுக்கு முன்னால சொல்லிருங்க. சரின்னாலும் சொல்லுங்க, வேண்டாம்னாலும் சொல்லுங்க. யோசிச்சுச் சொல்லுதேன்னு மட்டும் சொல்லாதிய."

என் வாயில் எப்போதும் இருக்கிற ஒரே பதிலை அவள் பிடுங்கிக்கொண்டாள். ஃபிளைட் மறுநாள் காலையில்.

பையன் எங்களை வரவேற்று, "வாங்க அண்ணாச்சி, நல்லாருக்கியளா?" என்றான். வெள்ளைக்காரன் வாயில் எங்கள் ஊர்த் தமிழ். என் மனைவி பூரித்துப் போனாள். நான் மகளைத் தனியே கூப்பிட்டேன்.

"ஏட்டி, நான் அவனுக்கு அண்ணாச்சின்னா நீ அவனுக்கு என்ன முறை? மகள் முறைல்லா வருது."

"மாமான்னு சொல்லச் சொன்னா, நான் இன்னும் சரின்னே சொல்லல, அதுக்குள்ள மாமாவான்னு நீங்கதான் குதிப்பிய. அதான் பொதுவா இருக்கட்டும்னு அண்ணாச்சி."

அவள் சொன்னது சரி. நான் குதித்துத்தான் இருப்பேன்.

அன்று மாலை, அங்கே எல்லா நேரமும் இருட்டுத்தான் என்றாலும் கடிகாரத்துக்கு அது மாலை, நாய் வண்டியில் கூட்டிப்போவதாக ஏற்பாடு. காட்டுக்குள் ஒரு மர வீடு இருக்கிறது. அதுவரை போய், சூப் குடித்துவிட்டுத் திரும்புவது. மகள் அடுப்பு மூட்டுவதற்காகப் பனி ஸ்கூட்டரில் முன்னாலேயே போய்விட்டாள். ஆக, எனக்கும் அவர்களுக்கும் நடுவே பேச்சை மாற்றிச் சொல்ல ஆளில்லை.

முதலில் நாய்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கும் நாய்களுக்கும் பழைய பகை உண்டு. தறி முடித்து வீட்டுக்கு வரும் வழியில் எங்கள் தெருமுனையில் ஏழெட்டு நிற்கும். அதற்கு எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம், குனிந்து கல் எடுக்கிற மாதிரி பாவனை செய்வது. கல் இருக்க வேண்டும் என்பதில்லை. குனிந்தால் போதும், எங்கள் ஊர் நாய்க்கு விஷயம் புரிந்துவிடும், வாலைச் சுருட்டிக்கொண்டு போய்விடும். முப்பது வருஷமாகக் குனிகிறேன். இப்போது நாயைப் பார்த்தாலே என்னைக் கேட்காமல் என் இடுப்பு தானாகவே வளைந்துவிடும்.

பையன் வீட்டு முற்றத்தில் பன்னிரண்டும் ஒரே குரலில் கத்திக்கொண்டிருந்தன. காலண்டர் படத்தில் வருகிற கொழுகொழு நாய்கள் இல்லை. மெலிந்தவை, கால் நீண்டவை, ஒன்றுக்கு ஒரு கண் நீலம் ஒரு கண் பழுப்பு. அந்த ஒற்றை நீலக்கண் என்னைப் பார்த்தது. நான் குனிந்தேன்.

கீழே கல் இல்லை, பனி. அதைவிட மோசம், குனிந்தால் என்ன அர்த்தம் என்று அந்த நாய்க்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தன்னைக் கொஞ்சத்தான் குனிகிறேன் என்று நினைத்து இரண்டு முன்னங்காலையும் என் தோளில் போட்டு மூக்கை நக்கியது. நான் மல்லாக்க விழுந்தேன். பையனின் தாயார் கைதட்டி ஏதோ சொன்னார்கள். பையன் தனக்குத் தெரிந்த தமிழையெல்லாம் கூட்டி, "அம்மா சொல்லுது, நாய்க்கு அண்ணாச்சிய ரொம்பப் பிடிக்கும்" என்றான்.

"நாய்க்குப் பிடிச்சிட்டு. இனி நீங்க சொல்ல என்ன இருக்கு?" என்றாள் என் மனைவி.

இரண்டு வண்டி, வண்டிக்கு ஆறு நாய். முன் வண்டியைத் தாயார் ஓட்ட, என் மனைவி உள்ளே உட்கார்ந்தாள். பின் வண்டியைப் பையன் ஓட்ட, நான் உட்கார்ந்தேன். பஞ்சு வைத்த உடுப்புக்குள் தலையணை மாதிரி இருந்தேன். அவிழ்த்துவிட்ட உடனே அத்தனை குரைப்பும் நின்றுபோனது. ஓடும்போது அவை ஒரு சத்தமும் போடுவதில்லை. பனியில் வண்டி சறுக்குகிற சத்தமும் மூச்சும் மட்டும். ஓடிக்கொண்டே அவை இயற்கைக் கடனையும் முடித்துக்கொள்ளும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. காற்று என் முகத்துக்கு நேராக வந்தது.

வானத்தில் பச்சையாக ஒரு வெளிச்சம் திரைச்சீலை மாதிரி ஆடியதாம். உலகத்திலிருந்து ஆட்கள் லட்சம் லட்சமாகக் கொட்டி அதைப் பார்க்க வருகிறார்களாம். நான் பார்க்கவில்லை. நாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் பார்க்காவிட்டால் அவை தடம் மாறிவிடும் போல இருந்தது.

பாதி வழியில் இரண்டு நாய்களின் கயிறு சிக்கிக்கொண்டது. பையன் வண்டியை நிறுத்தினான். முன் வண்டி கவனிக்காமல் போய்விட்டது. அவன் கையுறையைக் கழற்றி வண்டிக்குள் போட்டான், சிக்கெடுக்க விரல் வேண்டும் அல்லவா. தலையில் மாட்டியிருந்த லைட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தான், வெளிச்சம் காட்ட. என்னை இறக்கி வண்டியின் பின்பக்கம் நிறுத்தி, அங்கே இருந்த இரும்புப் பிரேக்கைக் காட்டினான்.

"அண்ணாச்சி, கால் இங்க. ரெண்டு காலும். எடுக்காதிய."

"எடுக்க மாட்டேன்."

"வண்டி ஓடுனா, கைய விடாதிய. எப்பவும் விடாதிய."

"ஏன் ஓடும்?" என்று கேட்டேன். அதற்குப் பதில் சொல்லத் தமிழ் அவனிடம் இல்லை. சிரித்துவிட்டு முன்னால் போய் முழங்கால் போட்டு உட்கார்ந்தான்.

சத்தியமாக நான் நன்றாகத்தான் நின்றேன். இரண்டு காலையும் ஊன்றி, ஒரு கையில் வண்டியைப் பிடித்து, மறு கையில் வெளிச்சம் காட்டி நின்றேன். சிக்கெடுத்து முடிக்கிற நேரம், அந்த ஒற்றை நீலக்கண் நாய் திரும்பி என்னைப் பார்த்தது. லைட் பட்டு அந்தக் கண் எரிந்தது.

குனிந்துவிட்டேன்.

குனிந்தவனின் கால் பிரேக்கை விட்டது. அதன்பிறகு நடந்ததில் எனக்குப் பங்கு குறைவு. ஆறு நாயும் ஒரே இழுப்பு. பையன் பக்கத்துப் பனியில் உருண்டு ஒதுங்கினான். நான் வண்டியின் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து அவன் குரல் மட்டும் வந்தது: "அண்ணாச்சி, விடாதிய! விடாதிய!"

விடவில்லை. விடுவதற்கும் ஒரு தைரியம் வேண்டும். "நில்லுங்கல, ஏலே நில்லுங்கல" என்று தறியில் பையன்களை அதட்டுகிற குரலில் அதட்டினேன். அவை உற்சாகமாகிவிட்டன. ஒரு வளைவில் லைட் என் கையிலிருந்து எகிறி ஓடைப் பள்ளத்துக்குள் போய் விழுந்தது. அதற்குப் பிறகு இருட்டில் போனேன்.

முன் வண்டி எங்களுக்காக நின்றிருந்தது. நாய்கள் தங்கள் கூட்டாளிகளைப் பார்த்ததும் தாமாகவே போய் ஒட்டி நின்றன. பையனின் தாயார் ஓடி வந்து பிரேக்கை மிதித்தார்கள். என் மனைவி போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டி என்னைப் பார்த்தாள், எனக்குப் பின்னால் பார்த்தாள்.

"ஏங்க, மாப்பிள்ளைய எங்க?"

"அங்கன விட்டுட்டேன்."

"விட்டுட்டியளா? பொருளாங்க அது, விட்டுட்டு வர?"

அப்போதுதான் வண்டிக்குள் கிடந்த கையுறைகளைப் பார்த்தேன். அந்த ஊர்க் குளிர் அன்றைக்குப் பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு. அவன் கையில் ஒன்றும் இல்லை, லைட்டும் இல்லை. எங்கள் ஊரிலிருந்து கிளம்பின நாளாய் நான் பட்ட கவலை எல்லாம் பையன் எப்படிப்பட்டவன் என்பது. இப்போது என் கவலையெல்லாம் அவனுடைய பத்து விரல்கள். விரல் உறைந்தால் கறுத்துப் போகும் என்று மகள் சொல்லியிருந்தாள். கறுத்தால் எடுத்துவிடுவார்களாமே. எடுத்துவிட்டால் மோதிரம் எதில் போடுவது? இவ்வளவு தூரம் யோசித்த பிறகுதான், நான் எதை முடிவு பண்ணிக்கொண்டு யோசிக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது.

கையுறைகளை என் உடுப்புக்குள் போட்டுக்கொண்டு வந்த தடத்திலேயே திரும்பி நடந்தேன். மனைவி பின்னால் கத்தினாள். பையனின் தாயாரும் கத்தினார்கள், வேறு மொழியில், ஒரே விஷயத்தைத்தான் சொல்லியிருப்பார்கள். நடந்து பார்த்தால் தெரியும் பனியில் நடப்பது. ஒவ்வொரு அடிக்கும் முழங்கால் வரை புதையும். எவ்வளவு தூரம் போனேனோ தெரியாது. இருட்டுக்குள்ளிருந்து அவன் ஓடி வந்துகொண்டிருந்தான், இரண்டு கையையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு.

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவன் முந்திக்கொண்டான்.

"அண்ணாச்சி, வண்டிய விட்டியளா?"

"விடல."

"நாய்?"

"ஆறும் இருக்கு. எண்ணிட்டேன்."

அவன் பெருமூச்சு விட்டான். அவனும் வழியெல்லாம் நாய்கள் என்ன ஆயிற்றோ, இந்த ஆள் என்ன ஆனாரோ என்று எண்ணிக்கொண்டேதான் ஓடி வந்திருக்கிறான். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. கவலைப்படுகிற ஆளை எனக்கு நன்றாக அடையாளம் தெரியும். என் வயிற்றுச் சூட்டில் இருந்த கையுறைகளை எடுத்து அவன் கையில் நானே மாட்டிவிட்டேன். விரல் பத்தும் சிவப்பாகத்தான் இருந்தன.

"அண்ணாச்சின்னு கூப்பிடாத" என்றேன்.

அவன் பயந்து போனான். "தப்பா?"

"முறை தப்பு. மாமான்னு சொல்லு."

அந்தச் சொல்லுக்கு அர்த்தம் மகள் அவனுக்குச் சொல்லியிருப்பாள் போல.  மெதுவாக, "மாமா" என்றான். பிறகு வண்டி வரை, தேவை இல்லாத இடத்திலெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான். "மாமா, இங்க பள்ளம். மாமா, இங்க பள்ளம் இல்ல."

மர வீட்டு வாசலில் நின்றிருந்த மகளின் காதிலும் அந்த "மாமா" விழுந்தது. உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்துச் சூப்போடு வந்தபோது கண் சிவந்திருந்தது. அடுப்புப் புகை என்றாள். என் மனைவி சூப்பைக் கையில் வாங்கிக்கொண்டு, "இதச் சொல்ல இம்புட்டுத் தூரம் வரணுமா இந்த மனுசனுக்கு" என்று கேட்டாள்.

அதன்பிறகு எனக்கு அந்த லைட் ஞாபகம் வந்தது. திரும்பும் வழியில் நால்வரும் ஓடைப் பள்ளத்தில் தேடிப் பார்த்தோம், கிடைக்கவில்லை. விலை என்ன என்று கேட்டேன். சொல்ல மாட்டேன் என்று பையனின் தாயார் தலையை ஆட்டினார்கள். சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது என்று வீட்டுக்கு வந்ததும் மகளை விட்டுச் சொல்ல வைத்தேன். ஆயிரத்து இருநூறு குரோனர். என் பையில் இருந்தது ஐந்நூறு. அதைக் கையில் திணித்தேன். அந்த அம்மா எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டார்கள், அது எனக்குப் பிடித்திருந்தது. மிச்சத்தைக் கல்யாணத்துக்கு வரும்போது கொண்டு வாருங்கள், மறந்தால் கல்யாணத்தை ஒத்திவைப்போம் என்று மகள் வழியாகச் சொல்லிவிட்டுச் சிரித்தார்கள்.

கல்யாணம் வருகிற கோடையில். இங்கே சங்கரன்கோவிலில் பாங்கிக்குப் போய் ரூபாயை அந்த நாட்டு நோட்டாக மாற்றித் தரச் சொல்லி இரண்டு தடவை கேட்டுவிட்டேன், சிரிக்கிறார்கள். பாக்கி எழுநூறு குரோனர்.