தயிரா கஞ்சியா என்று கேட்டவர்

மூலையில் கறுப்பு மை தடவிய தபால் கார்டு வாசற்படிக்கு உள்ளே கிடந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்து நின்றபடியே படித்தேன். திண்டிவனத்தில் நர்ஸ் சவுந்தரம் போய்விட்டார்; எடுத்து மூன்று நாள் ஆகிவிட்டது. விழுப்புரத்தில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஊர். முகம் பார்க்கக்கூட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

அவரோடு வேலை பார்த்தவர்கள் அஞ்சலி மலருக்கு என்னையும் எழுதச் சொன்னார்கள். சேவை, தியாகம் என்று நாலு வார்த்தை போதுமாம். அதெல்லாம் எனக்கு வராது. எனக்கு வந்த அரிப்பைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். முகம் சுளிப்பவர்கள் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம். சிஸ்டர் ஒரு நாளும் சுளித்ததில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் எனக்கு டைபாய்டு ஜுரம் வந்தது. மாத்திரைகளை விழுங்கிப் பிழைத்தேன். ஜுரம் விட்ட பத்தாம் நாள் அரிப்பு ஆரம்பித்தது. எங்கே என்று பெண்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கூடவே வெள்ளைப்பாடு, ஒன்றுக்குப் போனால் எரிச்சல். உடம்புச் சூடு என்று மாமியார் வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தார். நானோ அசுத்தம் என்று நினைத்துக் கார்பாலிக் சோப்பைப் போட்டு நாளைக்கு நாலு தரம் கழுவினேன். கழுவக் கழுவ இன்னும் எரிந்தது. உள்துணிகளைப் பிறர் கண்ணில் படாமல் கொடியில் புடவைக்கு அடியில் மறைத்துப் போட்டு, ஈரம் போகுமுன்பே எடுத்துக் கட்டிக்கொண்டேன். மானமுள்ள பெண்கள் அப்படித்தான் காயவைப்பார்கள் என்று எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள்.

நாட்டு வைத்தியர் ஒருவர் நாடி பிடித்துவிட்டு, இது மேகம் என்றார். தகாத சகவாசத்தால் வரும் நோய்க்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். என் கணவர் ரயிலில் டிக்கெட் பரிசோதகர். வாரத்தில் பாதி நாள் வெளியூர். அவர்தான் எங்கோ போய்க் கொண்டுவந்துவிட்டார் என்று நான் முடிவு கட்டினேன். கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவரும் என்னிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். என் பாய் கூடத்துக்கு வந்தது. தட்டும் சொம்பும் தனியாயின. தை பிறந்ததும் என்னைத் தாய்வீட்டில் விட்டுவிடப் போவதாக மாமியார் பக்கத்து வீட்டில் சொன்னது என் காதிலேயே விழுந்தது. ஆறு மாதம், மூன்று பேர் உள்ள வீட்டில், அழுவதற்குக்கூட நான் குளியலறைக்குத்தான் போனேன்.

அந்த மார்கழியில் பிள்ளைகளுக்கு அம்மை குத்த எங்கள் பள்ளிக்கு வந்தார் சவுந்தரம் சிஸ்டர். என்னைவிட மூன்று வயதுதான் மூத்தவர். ஊசியைக் கொதிக்க வைத்தபடி, நான் உட்கார மாட்டாமல் நின்றுகொண்டே பாடம் நடத்துவதைக் கவனித்திருக்கிறார். மணி அடித்ததும் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"கையில என்னாத்துக்கு டீச்சர் இத்தினி சோப்பு வாசனை? அரிப்பா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"தயிர்த் திப்பி மாதிரி படுதா, கஞ்சித்தண்ணி மாதிரியா? வாடை இருக்குதா?"

தயிர் மாதிரி, வாடை இல்லை என்று சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. சமையலறை வார்த்தையில் கேட்டதால்தான் எனக்கு வாய் திறந்தது. ஜுரத்துக்கு என்ன மாத்திரை சாப்பிட்டேன், முழுகாமல் இருக்கிறேனா, வீட்டில் யாருக்காவது சர்க்கரை உண்டா என்று வரிசையாகக் கேட்டார். அதோடு விடவில்லை. லேடி டாக்டரிடம் அழைத்துப்போனார். "நாம நினைக்கிறது பாதிதான் டீச்சர், மீதிய கண்ணாடியில பாத்துடணும்" என்பார். மைக்ராஸ்கோப்பில் பார்த்த பிறகுதான் விஷயத்தைச் சொன்னார்: ஊறுகாயில் ஈரக்கை பட்டால் பூசணம் பூக்கிறதே, அந்த ஜாதிதானாம்; ஜுர மாத்திரை உடம்பிலிருந்த நல்ல கிருமிகளையும் கொன்றுவிட்டதால் பூத்ததாம். சோப்பை நிறுத்தச் சொன்னார். தடவ ஊதா மருந்து. துணி நல்ல வெயிலில் காய வேண்டும்.

அன்று சாயங்காலமே எங்கள் வீட்டுக்கு வந்தார். என் கணவர் டூட்டிக்குக் கிளம்புமுன் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். மாமியாரையும் வைத்துக்கொண்டு சிஸ்டர் சொன்னார்:

"ஜுரத்து மாத்திரையால வந்ததுங்க இது. நீங்க குடுத்ததும் இல்ல, இவங்க எங்கியும் போய் வாங்கிக்கினு வந்ததும் இல்ல."

முதல் பாதிக்கு அசையாத என் கணவர், இரண்டாவது பாதியைக் கேட்டதும் டம்ளரைக் கீழே வைத்தார். அவரும் என்னைச் சந்தேகப்பட்டிருக்கிறார் என்று அந்த நிமிஷம்தான் எனக்குப் புரிந்தது. ஆறு மாத எரிச்சலைவிட அது அதிகமாக எரிந்தது. அவர் டூட்டி முடிந்து திரும்பிய அன்று ஊதாக் கறை படிந்த என் பாவாடையைத் தனியாக வெயிலில் போட்டேன். மாமியார் எடுக்கப் போனபோது, "இருக்கட்டும்மா" என்றார் என் கணவர். என்னிடம் அவர் கேட்ட மன்னிப்பு அவ்வளவுதான். இரண்டு வாரத்தில் அரிப்பு போனது. பாய் உள்ளே போக இன்னும் சில மாதம் ஆயிற்று.

திண்டிவனத்துக்கு மாற்றலாகிப் போகும்போது சிஸ்டரிடம் கேட்டேன்: வீடு வரை வந்து பேசுவது உங்கள் வேலை இல்லையே, ஏன் வந்தீர்கள்?

"எனக்குப் பத்தொம்பது வயசுல இதேதான் வந்துச்சி டீச்சர். எங்க வீட்டுக்காரரு அம்மா வீட்டுக்கு வண்டியேத்தி அனுப்பிட்டாரு. பின்னால நர்ஸுக்குப் படிக்கசொல்லோதான் எனக்கு என்னா வந்துச்சின்னே தெரிஞ்சிக்கினேன். எங்க வீட்டுக்கு யாரும் வந்து சொல்லல."

போன ஞாயிற்றுக்கிழமை திண்டிவனம் போனேன். வீடு பூட்டியிருந்தது. பின்பக்கக் கொடியில், நல்ல வெயிலில், அவருடைய வெள்ளைப் பாவாடை ஒன்று காய்ந்து விறைத்துப்போய்த் தொங்கியது. எடுத்து வைக்க ஆள் இல்லை. நான்தான் மடித்து எடுத்துவந்தேன்.

அந்தப் பாவாடை என்னிடம் இருக்கிறது. அவர் கேட்ட கேள்வியும் இருக்கிறது. எங்கள் பள்ளியில் எந்தப் பெண் உட்கார முடியாமல் நெளிந்தாலும் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டுவிடுகிறேன். ஒன்பது வருஷமாக ஒரு மணி நேர தூரத்தில் தனியாக இருந்த அவரிடம் மட்டும், நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று நான் ஒரு நாளும் போய்க் கேட்கவில்லை.